வரிசையில் நின்றவன்: அர்க்காதி பாப்சென்கோவின் செச்னிய யுத்த நூலை முன்வைத்து

எமது சஞ்சிகைகளில் செச்னியா பற்றி வெளிவந்த கவிதைகளை ஒன்றுசேர்த்தால் ஒரு சிறு தொகுதி தேறும். தொண்ணூறுகளின் நடுப்பகுதியிலிருந்து இரண்டாயிரத்தின் முதற் சில ஆண்டுகள் வரை பொஸ்னியா, பலஸ்தீன், காஷ்மீர் என்ற வரிசையில் குரோஸ்னி நகரும் எம்மவர் கவிதைகளில் இடம்பெற்று வந்தது. அக்கவிதைகளின் நேர்மையில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவற்றில் வரும் ரஷ்யச் சிப்பாய்க்கு முகம் கிடையாது. அவன் பனிப்பேய், இரும்புக் கரடி, வெறிநாய். அவன் எங்கிருந்து வந்தான், யார் பிடித்து அனுப்பினார்கள், அனுப்புமுன் அவனுக்கு என்ன செய்தார்கள் என்ற கேள்விகள் அக்கவிதைகளில் எழவேயில்லை. அன்றைய நிலையில் எழுந்திருக்கவும் முடியாது. எரிகின்ற வீட்டின் முன்னால் நின்றுகொண்டு தீ வைத்தவனின் இளமைக்காலத்தை எவரும் விசாரிப்பதில்லை.

இக்கேள்விகளை இப்போது எழுப்புவதற்குக் காரணம் ஒரு நூல். அர்க்காதி பாப்சென்கோ என்ற ரஷ்யர் எழுதி, நிக் அலன் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 2007 இல் வெளிவந்தது. 'ஒரு சிப்பாயின் யுத்தம்' என்று தமிழிற் சொல்லலாம். கட்டாரில் தொழில் புரியும் எனது மச்சான் பழைய புத்தகக் குவியலொன்றிலிருந்து எடுத்து வந்தது. என்னைப் போன்ற கிராமத்து ஆசிரியனுக்கு அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசிக்க மூன்று மாதங்கள் பிடித்தன. வாசித்ததை எங்கள் ஊர் இலக்கிய வட்டத்தில் ஒரு மாலை எடுத்துச் சொன்னேன். முடித்ததும் நண்பர் ஒருவர் கேட்டார்: "எங்கட ஆக்களச் சுட்டவனுக்கு அவன்ட முகாமுக்குள்ளயே அடி விழுந்திருக்கு. அதுக்கும் நாமதான் அழணுமா, சேர்?"

கேள்வி நியாயமானது. அதற்கு அன்று நான் சொன்ன பதில் நீளமாகவும் தெளிவில்லாமலும் இருந்தது. ஆகவே எழுதிப் பார்க்கிறேன்.

பாப்சென்கோ 1977 இல் மொஸ்கோவில் பிறந்தவர். சட்டக் கல்வி பயின்றுகொண்டிருந்த வேளையில் 1995 இல், பதினெட்டு வயதில், கட்டாயப் படைச் சேவைக்கு அழைக்கப்பட்டார். முதலாம் செச்னிய யுத்தம் அப்போது நடந்துகொண்டிருந்தது. எல்லையிலுள்ள மொஸ்தோக் என்ற நகரின் படைமுகாமுக்கு அனுப்பப்பட்டார். இரண்டாம் யுத்தம் 1999 இல் ஆரம்பித்தபோது தாமாகவே ஒப்பந்தச் சிப்பாயாக மீண்டும் சென்றார். திரும்பி வந்தபின் எழுதியவற்றுள் 'அல்கான் யூர்ட்' என்ற குறுநாவல் 2002 இல் 'நோவி மீர்' சஞ்சிகையில் வெளிவந்தது. பின்னர் பத்திரிகையாளரானார், நாட்டை விட்டு வெளியேறினார். 2018 இல் கீவ் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டதாகச் செய்தி பரவி, மறுநாள் உயிரோடு பத்திரிகையாளர் முன் தோன்றியவரும் இவரே. உக்ரைன் பாதுகாப்புத் துறையினர் அரங்கேற்றிய நாடகம் அது. அவரது பிற்கால அரசியல் இங்கு எமக்கு வேண்டியதில்லை.

நூலின் முற்பகுதியில் யுத்தம் அநேகமாக இல்லை. மொஸ்தோக் விமானத் தளத்தின் ஓடுபாதை ஓரத்தில் புதிய பையன்கள் காத்திருக்கிறார்கள். செச்னியாவுக்கு ஹெலிகொப்டர்கள் ஆட்களை ஏற்றிச் செல்கின்றன. திரும்பும்போது பளபளக்கும் பைகளில் சடலங்களை இறக்குகின்றன. இப்படித் தொடங்கும் யுத்தக் கதையில் அடுத்து எதிரி வரவேண்டும். வருவது எதிரியல்ல. இரவானதும் குடித்துவிட்டு விடுதிக்குள் நுழையும் தமது படையின் மூத்த சிப்பாய்கள் வருகிறார்கள். பணம் கொண்டுவா என்கிறார்கள், சாராயம் கொண்டுவா என்கிறார்கள், கொண்டுவராவிட்டால் அடிக்கிறார்கள், கொண்டுவந்தாலும் அடிக்கிறார்கள். அதிகாரிகள் அறிவார்கள், அவர்களும் அடிக்கிறார்கள். பையன்கள் படையை விட்டு ஓடுகிறார்கள். முன்னரங்குக்குப் போவதே மேல் என்று நினைக்குமளவுக்கு முகாம் பயங்கரமானதாகிறது. ஒரு யுத்த நூலில் யுத்தகளம் புகலிடமாகத் தோன்றும் இந்த இடம்தான் என்னை உலுக்கியது.

இந்த வழக்கத்துக்கு ரஷ்ய மொழியில் ஒரு பெயர் உண்டு: தெதோவ்ஷினா. 'தெத்' என்றால் பாட்டன். எங்கள் பக்கத்து வழக்கில் மூத்தவாப்பா. ஆக, 'பாட்டன்மார் ஆட்சி' என்பது போன்ற ஒரு சொல். சோவியத் சட்டம் 1967 இல் தரைப்படைச் சேவைக் காலத்தை மூன்று வருடங்களிலிருந்து இரண்டாகக் குறைத்தது. ஆட்சேர்ப்பு வருடத்திற்கு இருமுறை நடந்தது. எனவே எந்நேரமும் ஒரு விடுதியில் நான்கு அரைவருடத் தொகுதியினர் இருப்பார்கள். அடியில் இருப்பவன் புதியவன். உச்சியில் இருப்பவன், வீடு திரும்ப நாள் எண்ணிக்கொண்டிருக்கும் 'பாட்டன்'. அவனுக்கு இருபது வயதுதான் இருக்கும். இடைப்பட்டவர்களுக்கும் படைக்குப் படை வேறுபடும் பட்டப்பெயர்கள் உண்டு. புதியவன் பாட்டனின் கட்டிலை விரிப்பான், சப்பாத்தைத் துடைப்பான், தன் வெண்ணெய்த் துண்டைக் கொடுப்பான். ஒன்றரை வருடம் பொறுத்தால் அவனும் பாட்டன்.

இந்த அமைப்பின் சூட்சுமம் அந்தப் பொறுமையில் இருக்கிறது. அடிபட்டவன் முறையிடாமல் இருப்பதற்குப் பயம் மட்டும் காரணமல்ல, தனது முறை வருமென்ற நம்பிக்கையும் காரணம். முறையிட்டால் அந்த முதலீடு முழுவதும் நட்டமாகிவிடும். யூரி பல்யக்கோவ் என்ற எழுத்தாளர் இதைப் பற்றி எழுதிய 'கட்டளைக்கு நூறு நாட்கள்' என்ற குறுநாவல் பல வருடங்கள் தணிக்கையில் முடங்கிக் கிடந்து 1987 இல்தான் வெளிவர முடிந்தது. தலைப்பே அந்த நாள் எண்ணும் வழக்கத்தைக் குறிப்பது. எம்மில் ஒரு தலைமுறை முன்னேற்றப் பதிப்பகத்தின் தடித்த அட்டைப் புத்தகங்களில் சோவியத் சிப்பாயைக் கண்டு வளர்ந்தது. 'உண்மை மனிதனின் கதை'யும் 'அன்னை வயல்' நாவலும் எங்கள் ஊர் வாசிகசாலையிலும் இருந்தன. அவற்றைக் குறைசொல்வதற்கில்லை, ஐத்மாத்தவை இன்றும் வகுப்பில் சொல்கிறேன். ஆனால் அந்த அலுமாரியில் இந்தச் சொல் மட்டும் இருக்கவில்லை.

தமிழில் இதை எப்படிச் சொல்வது? இலங்கைத் தமிழில் உடனே வாய்க்கு வருவது 'பகிடிவதை'. 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் அதைக் குற்றமாக்கிய பின்னரும் எமது உயர்கல்வி நிறுவனங்களை விட்டு அது நீங்கவில்லை. ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் நானும் அதற்கு உட்பட்டவன். எந்தக் கல்லூரி என்பது அவசியமற்றது. சிரேஷ்டர்களை 'சேர்' என அழைக்கவேண்டும், நடு இரவில் அவர்களது உடுப்பைக் கழுவவேண்டும், சேற்றில் உருளவேண்டும். அதைவிட எனக்கு நினைவில் நிற்பது அடுத்த வருடம் நடந்தது. முதல் மாதத்தில் போர்வைக்குள் விம்மியழுத, தொழுகை தவறாத ஒரு நல்ல பையன், புதியவர்கள் வந்திறங்கிய தினத்தன்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு வாசலில் நின்றான். ஏனென்று கேட்டேன். "நாங்க பட்டம்தானே" என்றான். நாளை பிள்ளைகளுக்கு முன்னால் பிரம்போடு நிற்கப்போகிறவர்கள் நாங்கள் எல்லோரும்.

ஆயினும் பகிடிவதை என்ற சொல்லை இந்நூலுக்கு நான் பயன்படுத்தமாட்டேன். அதில் முன்னால் நிற்கும் 'பகிடி' பாதிக் குற்றத்தை மன்னித்துவிடுகிறது. மொஸ்தோக்கில் பகிடி கிடையாது. மேலும், எமது மாணவன் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். எதிர்காலம் பாழாகலாம், ஆனால் போகலாம். கட்டாயச் சிப்பாய் போனால் அவன் பெயர் தப்பியோடியவன், சிறை காத்திருக்கும். அரசே ஆளைப் பிடித்து, கதவைப் பூட்டி, உள்ளே நடப்பதைப் பாராமல் இருப்பது வேறு வகையான வதை.

டோல்ஸ்டோயின் ஒரு சிறுகதையை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. 'நடனத்தின் பின்' 1903 இல் எழுதப்பட்டு, அவரது மறைவுக்குப் பின் 1911 இல் வெளிவந்தது. இரவெல்லாம் நடன விருந்தில் காதலியின் தந்தையான கேணலைக் கண்டு மனம் நெகிழ்ந்த ஓர் இளைஞன், விடியற்காலையில் அதே கேணல் ஒரு தண்டனையை நடத்துவதைக் காண்கிறான். தப்பியோடிய ஒரு தாத்தாரியச் சிப்பாய். அதாவது, ரஷ்யப் படைக்குள் பிடித்துப் போடப்பட்ட எம் சமூகத்து ஆள். இருமருங்கிலும் சிப்பாய்கள் தடியோடு வரிசையாக நிற்க, வெற்று முதுகோடு அவனை நடுவே இழுத்துச் செல்கிறார்கள். ஒவ்வொரு அடிக்கும் அவன் இரக்கம் காட்டும்படி கேட்கிறான். எல்லோரும் அந்த முதுகையே நினைவில் வைத்திருப்பார்கள். நான் நினைவில் வைத்திருப்பது வேறொருவனை. வரிசையில் நிற்கும் மெலிந்த ஒரு சிப்பாய் தடியை மெதுவாக இறக்கிவிடுகிறான். கேணல் அவனிடம் சென்று கையுறை அணிந்த கையால் அவன் முகத்தில் அறைகிறார்.

படைமுகாம் என்ற அமைப்பு அந்த ஒரே காட்சியில் முழுமையாக இருக்கிறது. அடிப்பவன் அடிக்காவிட்டால் அடிபடுவான். டோல்ஸ்டோய் இதைத் தெருவோரத்தில் நின்று பார்க்கும் கனவானின் கண்களால் காட்டினார். நூறு வருடங்கள் கழித்து பாப்சென்கோ அந்த நடுப்பாதையில் இழுத்துச் செல்லப்பட்டவனின் இடத்திலிருந்து எழுதுகிறார். அவரது நூலின் பலம் இதுதான். அலங்காரமற்ற, சில இடங்களில் மூச்சுவிட நேரமற்ற எழுத்து. தமது பயத்தையும் பசியையும் அவர் மறைக்கவில்லை. நாயை அடித்துத் தின்றதையும், தோட்டாக்களை விற்ற சிப்பாய்கள் முழுப் படையின் முன்னிலையில் வதைக்கப்பட்டதையும் ஒரே குரலில் சொல்லிச் செல்கிறார். தம்மைத் தாக்கப்போகும் தோட்டாக்களையே அவர்கள் விற்றார்கள். அதிகாரிகள் விற்றதோடு ஒப்பிட்டால் அது சில்லறை வியாபாரம்.

எனினும் மூன்றாவது இடமொன்று இருக்கிறது. தடியோடு வரிசையில் நின்றவனின் இடம். அதை டோல்ஸ்டோயும் வெளியிலிருந்தே கண்டார். பாப்சென்கோவும் வெளியிலிருந்தே காண்கிறார். இந்நூலில் அடிப்பவர்கள் வெறித்த கண்களோடு இருளிலிருந்து வருகிறார்கள், இருளுக்குள் போகிறார்கள். அவர்களும் ஒரு காலத்தில் ஓடுபாதையோரம் பயந்து நின்ற பையன்களே என்பது ஆசிரியருக்குத் தெரியும், சொல்லவும் செய்கிறார். ஆனால் அந்த மனத்துக்குள் நுழையவில்லை. சுட்டவனுக்கு முகமில்லை என்று எமது கவிஞர்கள் மீது நான் வைத்த குறை, அளவில் சிறிதாக, இவர் மீதும் இருக்கிறது.

இனி, நண்பரின் கேள்விக்கு வருகிறேன். ரஷ்யப் படைமொழியில் புதிய சிப்பாய்க்கு வழங்கும் பட்டப்பெயர் 'தூஹ்'. ஆவி என்று பொருள். கணக்கில் வராத, உடம்பில்லாத ஒன்று. ஆப்கானிஸ்தானில் சோவியத் படையினர் தாம் எதிர்த்துப் போரிட்ட முஜாஹிதீன்களுக்கும் இதே சொல்லைத்தான் வழங்கினார்கள். அங்கு அது 'துஷ்மன்' என்ற சொல்லிலிருந்து குறுகி வந்தது. எமது பெரியவர்களுக்கும் பழக்கமான பாரசீகச் சொல் அது. செச்னியாவுக்கும் அந்தப் பெயர் பயணம் செய்தது. இரு சொற்களுக்கும் பிறப்பு வேறு, ஒலி ஒன்று. விடுதியில் இரவில் உதைபடும் பையனையும் மலைக்கப்பால் இருக்கும் முஸ்லிமையும் அந்தப் படை ஒரே சொல்லால் அழைத்தது. தற்செயல் என்று தள்ளிவிடலாம். எனக்கு அப்படித் தள்ள மனம் வரவில்லை. ஒருவனை மனிதனாக எண்ணாமல் இருப்பதற்கான பயிற்சி மொஸ்தோக்கிலேயே முடிந்துவிடுகிறது. செச்னியாவில் அது பிரயோகிக்கப்பட்டது. ஆதலால் முகாமுக்குள் விழுந்த அடியைப் பற்றி வாசிப்பது சுட்டவனுக்காக அழுவதாகாது. எமது ஆட்களின் மீது விழுந்தது எங்கே வார்க்கப்பட்டது என்று போய்ப் பார்ப்பது அது.

இதைச் சொன்ன கையோடு நூலின் பெரிய குறையையும் சொல்லவேண்டும். 'அல்கான் யூர்ட்' கதையில் நாயகன் ஆர்த்தியோம் ஓர் இலக்கைக் காட்டிக்கொடுக்கிறான், ஷெல் விழுகிறது. அங்கே எட்டு வயதுச் சிறுமியும் அவளது பாட்டனும் மாண்டதைப் பின்னர் அறிகிறான். அதன்பின் அவனால் தன்னைச் சுமக்க முடியவில்லை. மனதை உருக்கும் பகுதிதான். ஆனால் அல்கான் யூர்ட் என்ற கிராமத்தின் பெயர் உலகுக்குத் தெரியவந்தது வேறு காரணத்தால். 1999 டிசம்பரில் ரஷ்யப் படையினர் அக்கிராமத்துக்குள் புகுந்து வீடுகளைக் கொள்ளையிட்டு, குறைந்தது பதினான்கு பொதுமக்களைக் கொன்றதை மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2000 ஆம் ஆண்டு அறிக்கையாகவே வெளியிட்டது. அந்த டிசம்பர் இக்கதையின் கரு அல்ல. தவறுதலாக விழுந்த ஷெல்லுக்காக ஓர் எழுத்தாளன் அழ முடியும். வாசலில் வைத்துச் சுட்டுவிட்டு வீட்டுப் பொருட்களை வாகனத்தில் ஏற்றியவர்களைப் பற்றி எழுத வேறு துணிச்சல் வேண்டும். மொஸ்தோக்கின் இரவுக் கொள்ளையை அத்தனை துல்லியமாக எழுதியவரால் அதையும் எழுதியிருக்க முடியும். கொள்ளையிடும் கை இரண்டிலும் ஒன்றுதானே. அந்தச் சிறுமியைத் தவிர்த்தால் இந்நூலில் செச்னியருக்கு வீடு இல்லை, சமையல் இல்லை, பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை.

டோல்ஸ்டோய் இதைச் செய்தார். 'ஹாஜி முராத்' நாவலில், சகோதரனுக்குப் பதிலாகப் படைக்குப் போன அவ்தேயெவ் என்ற ஏழைக் குடியானவன் ஒரு சில்லறைச் சண்டையில் சாகிறான். தாய் மகனுக்கு அனுப்பிய ஒரு ரூபிள், அவன் மரணச் செய்தியோடு திரும்பி வருகிறது. அதே நாவலில்தான், அழிக்கப்பட்ட கிராமத்துக்குத் திரும்பிய சாதோ, முதுகில் குத்துண்டு இறந்த மகனின் உடலைக் காண்கிறான். நீரூற்றும் பள்ளிவாசலும் அசுத்தப்படுத்தப்பட்டிருக்கின்றன. குடியானவச் சிப்பாயின் தாயும் செச்னியத் தந்தையும் ஒரே நூலுக்குள். ஒருவரது துயரம் மற்றவரது துயரத்தைக் குறைக்கவில்லை. இந்த அளவுகோலால் அளந்தால் பாப்சென்கோவின் நூல் பாதி நூல். ஆனால் அந்தப் பாதியை வேறெவரும் இத்தனை கிட்டத்தில் நின்று எழுதவில்லை.

பழைய கதை என்று எவரும் நினைத்துவிடக்கூடாது. 2006 புத்தாண்டு இரவில் செல்யாபின்ஸ்க் நகரின் படைப் பயிற்சிக் கல்லூரியொன்றில் ஓர் இளம் சிப்பாய் மணித்தியாலக் கணக்காகக் குந்தியிருக்கும்படி வதைக்கப்பட்டு, இரு கால்களையும் இழந்தார். அன்றைய பாதுகாப்பு அமைச்சர் சேர்கெய் இவானோவ் முதலில் கேட்கப்பட்டபோது, பாரதூரமாக எதுவும் இருக்காது என்ற தொனியில் பதிலளித்தார். வதைத்த சார்ஜனுக்கு நான்கு வருடச் சிறை. 2008 முதல் சேவைக்காலம் ஒரு வருடமாக்கப்பட்டது. பாட்டன்மார் ஒழிவார்கள் என்பது எதிர்பார்ப்பு. 2019 ஒக்டோபரில் சைபீரியாவின் ஒரு படைமுகாமில் கட்டாயச் சிப்பாய் ஒருவன் தன் சகாக்கள் எட்டுப் பேரைச் சுட்டுக் கொன்றான். தான் வதைக்கப்பட்டதாக அவன் சொன்னான். யூரிமார் அவனைக் குற்றவாளியாகக் கண்டாலும் தயவு காட்டத்தக்கவன் என்றார்கள். இருபத்து நான்கரை வருடச் சிறை விதிக்கப்பட்டது.

இந்நூல் முழுவதையும் தமிழாக்கும் தகுதி எனக்கில்லை. ஆங்கிலத்தின் வழியாக ரஷ்ய நூலொன்றைக் கொண்டுவருவது நல்லதா என்ற கேள்வியும் இருக்கிறது. எனினும் மொஸ்தோக் பகுதியின் ஒரு சில பக்கங்களையேனும் எங்கள் வட்டத்தில் வாசிப்பதற்காக மாற்றிக்கொண்டிருக்கிறேன். யுத்தகளப் பகுதிகளை விட அவற்றையே முதலில் தமிழ் வாசகர் பார்க்கவேண்டும் என்பது எனது எண்ணம். தெதோவ்ஷினா என்பதை அப்படியே விட்டிருக்கிறேன். 'தெத்' என்பதற்கு மூத்தவாப்பா என்று எழுதிப் பார்த்தேன். எனது மூத்தவாப்பாவின் முகம் குறுக்கே வந்தது, வெட்டிவிட்டேன். 'தூஹ்' என்பதற்கு ஆவி என்று போட்டதும் சரியாக அமையவில்லை. அடிமட்டத்துப் புதியவனையும் மலையில் இருக்கும் எதிரியையும் ஒருங்கே குறிக்கத்தக்க சொல்லொன்று எந்த ஊர் வழக்கிலாவது இருந்தால், வாசகர்கள் ஆசிரியரின் முகவரிக்கு எழுதி அனுப்பினால் உதவியாக இருக்கும்.